பத்துக்கு எத்தனை

ஊசி போட்ட நாலாம் நாள் வலிக்கும் என்று ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லிவிட்டார்கள். வலித்தது. சொன்ன சொல் தவறாதவர்கள் என்று நினைத்தபடி ஹனா சோபாவில் சுருண்டு கிடந்தாள்.

கரு கருப்பையில் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டது. அதைக் கரைக்கத்தான் ஊசி. இது அவளுக்கும் கணவன் ஷஃபீக்குக்கும் மட்டுமே தெரியும். மூன்று வருடமாகப் பேரப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும் அவன் உம்மாவின் மனசு நோகக் கூடாதாம். "ஹனாவுக்கு கேஸ்ட்ரிக்மா" என்று சொல்லிவிட்டு அவன் மாக் மண்டினுக்கு, தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். வலி ஹனாவுக்கு. நோகக் கூடாதது உம்மாவுக்கு.

மாமியார் ஆயிஷா முருங்கைக்கீரை சூப்போடு வந்து நின்றார்.

"குடி. வயித்துப் புண்ணு ஆறும்."

"வேணாம் மாமி."

கீரைச் சத்து ஊசியின் வேலையைக் கெடுக்கும் என்று ஆஸ்பத்திரித் தாளில் போட்டிருந்தது. அதைச் சொன்னால் எந்த ஊசி என்று கேட்பார்.

"மூணு நாளா நான் வெச்ச கீரையத் தொடல. யுனிவர்சிட்டியில கீரை திங்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல மாமி. அங்க தினம் மீ கோரேங் நூடுல்ஸ்தான்."

அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். அன்றிலிருந்து அவளுக்குத் தும்மல் வந்தால்கூடக் காரணம் அந்தப் பட்டம்தான்.

மதியம் வலது தோள் முனையில் வலித்தது. வயிற்று வலியைப் பார்க்கும்போது சின்ன வலி. ஆனால் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது அதுதான்: தோள் முனை வலித்தால் உடனே வரவும். குழாய் வெடித்து உள்ளே ரத்தம் இறங்கினால் அப்படி வலிக்கும். உயிர் போகலாம்.

"காத்து மேல ஏறிருச்சு. திரும்பு" என்று மாமி கோடாலித் தைலத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

இப்போது செத்தால் டத்தோ கிராமாட் வட்டாரம் முழுக்க கேஸ்ட்ரிக்கில் செத்தாள் என்றுதான் சொல்லுவார்கள். அதை ஹனாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"மாமி, இது காத்து இல்ல. புள்ள குழாயில தங்கிருச்சு. கரைக்க ஊசி போட்டாங்க. இப்ப குழாய் வெடிச்சிருச்சுன்னு நினைக்கிறேன்."

தேய்த்த கை நின்றது.

"ஷஃபீக்குக்குத் தெரியுமா?"

"கேஸ்ட்ரிக்னு பேர் வெச்சதே அவர்தான்."

மாமி எழுந்து சூப்பை சிங்கில் கொட்டினார். துடோங் முக்காட்டைத் தலையில் மாட்டினார்.

"கிராப் டாக்சி கூப்பிடு. எனக்கு அதக் கூப்பிடத் தெரியாதுலா. அவன் வரட்டும், இருக்கு அவனுக்கு."

அவசரப் பிரிவில் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தர் பேனாவோடு வலி பத்துக்கு எத்தனை என்று மலாயில் கேட்டார்.

"அஞ்சு" என்றாள் ஹனா. நாலு நாளாக யார் கேட்டாலும் அவள் சொல்லும் கணக்கு அது.

"இவ பேச்ச நம்பாதீங்க மிஸ்ஸி. பத்து போடுங்க" என்றார் மாமி, பசாரில் மீன்காரனிடம் பேசும் குரலில்.

மிஸ்ஸி இருவரையும் பார்த்துவிட்டு எட்டு என்று எழுதினார். சக்கர நாற்காலி வந்தது.

"காத்துன்னு தேய்ச்சிட்டேன்" என்று மாமி பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"பரவால்ல மாமி. சூடா, நல்லாதான் இருந்துச்சு."

ஸ்கேனில் ரத்தம் தெரிந்தது. நேரத்தோடு வந்தீர்கள், உடனே அறுவை சிகிச்சை என்றார் டாக்டர். தள்ளிக்கொண்டு போகுமுன் மிஸ்ஸி மறுபடியும் கேட்டார்.

"பத்து" என்றாள் ஹனா.

அதுதான் சரி என்று மாமி தலையை ஆட்டினார். பிறகு கைப்பேசியை எடுத்து மகனைக் கூப்பிட்டார்.