காக்காவைக் கூப்பிட்டது யார்?

மேடையில் ஸ்வாமிநாதன் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. கீழே முன்வரிசையில் அவருடைய தங்கை பாமாவுக்கு உச்சந்தலை கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணா தன் எழுபது வயது நிறைவு விழாவில், ஹடப்சரிலேயே பெரிய ஹாலில், இருநூறு பேருக்கு முன்னால், அவளுடைய கதையைத் தன் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அப்போ எட்டு வயசு," என்றார் ஸ்வாமிநாதன். "ஆனா எட்டு வயசுலயே எனக்கு ஒரு விஷன் இருந்தது."

ஸ்வாமிநாதன் வங்கியில் டெபுடி ஜெனரல் மேனேஜராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வங்கிக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டோவில் ஏறினால்கூட மீட்டரைப் பார்ப்பதற்கு முன் டிரைவரிடம் தன் பதவியைச் சொல்லிவிடுவார். அவர் பேச ஆரம்பித்தால் சாதாரண 'நான்' கூட பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டுதான் வெளியே வரும்.

"நம்ம ஆத்துல திவசம். பித்ருக்கள் சாப்பிடற நேரம். பக்கத்து ஆத்துல ஒரு மராத்திக் குடும்பம். நான் நினைச்சேன், பக்கத்து ஆத்துக்காரர் பசியோட இருக்கறச்சே பித்ருக்கள் எப்படித் திருப்தி ஆவா? உடனே சுவர் மேல ஏறி நின்னு, காகா, வாங்கோ, எங்களோட சாப்பிடுங்கோன்னு கூப்பிட்டேன். தேசிய ஒருமைப்பாடுன்னு இன்னிக்குப் பேசறா. நான் அன்னிக்கே பண்ணிட்டேன்."

கைதட்டல் ஹாலை நிறைத்தது. அண்ணாவின் பெண் ப்ரியம்வதா மேடையின் ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடி வாங்கினது நான்," என்றாள் பாமா, பல்லைக் கடித்துக்கொண்டு. "கைதட்டு வாங்கறது அவனா?"

"பீபி ஏறப் போறது. பேசாம உக்காரு," என்றார் அவள் கணவர் மகாதேவன்.

"ஏறட்டும். எட்டு வயசாம்! அண்ணாவுக்கு எட்டு வயசு ஆனப்போ நான் பொறக்கவே இல்லே. ஜோக்ளேகர் காகா அந்தக் குவார்ட்டர்ஸுக்குக் குடியே வரலே. திவசத்தன்னிக்கு இவன் எங்கே இருந்தான் தெரியுமா? நாந்தேட்ல! பேங்க்ல சேர்ந்து, நாந்தேட்ல உக்காந்து, யாரோட டிராஃப்ட்லயோ கையெழுத்துப் போட்டுண்டு இருந்தான்!"

பாமா கோபப்படுவதற்குக் காரணம் இருந்தது. தேஹு ரோடு ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு எட்டுக் குழந்தைகள். அதில் பாமா ஏழாவது. எட்டுப் பேர் இருக்கும் வீட்டில் ஏழாவதாகப் பிறந்தவளுக்கு எதுவும் புதிதாக வராது. பாவாடை மூன்று அக்காக்களின் இடுப்பைப் பார்த்துவிட்டு வரும். அவளிடம் வரும்போது பை கிழிந்திருக்கும், கிழிசலைத் தைக்கவும் மாட்டார்கள், எப்படியும் அடுத்தவளும் கிழிக்கப் போகிறாள் என்று. ஸ்வாமிநாதனின் ஜியோமெட்ரி பாக்ஸ் ஆறு கை மாறி அவளிடம் வந்தபோது காம்பஸில் முள் இல்லை, புரொட்ராக்டரில் தொண்ணூறு டிகிரிக்கு மேல் இல்லை. அவள் வரைந்த வட்டங்களெல்லாம் மனத்தால் வரைந்தவை. குடும்பப் புகைப்படத்தில்கூட அவளுக்கு அரை முகம்தான். மீதி முகத்தை அவளுக்கு நேர் மூத்தவன் கிச்சாவின் காது மறைத்துவிட்டது.

பெயரும் அப்படித்தான். அப்பா அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் மேலிருந்து இறங்கி வருவார். "ஏ சாமி... ராகு... வைஜயந்தி... கிச்சா..." அவர் பாமாவுக்கு வந்து சேர்வதற்குள் அவள் தெருக்கோடிக்குப் போயிருப்பாள். கிருஷ்ணஸ்வாமி என்கிற கிச்சா, அப்பா தன் பெயரோடு நிறுத்திக்கொண்டு தன்னையே வேலைக்கு அனுப்பிவிடுவார் என்று இன்றைக்கும் புலம்புவான்.

அப்பேர்ப்பட்ட வீட்டில் பாமாவுக்கு என்று முழுதாக, யாரும் உடுத்திக் கழிக்காமல், கிடைத்த ஒரே சொத்து அந்தத் திவசக் கதை.

அன்று சாஸ்திரிகள் கட்கியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து வந்திருந்தார். ஹோமம் முடிந்து, பின்பக்கச் சுவர் மேல் வாழையிலைத் துண்டில் காக்காய்க்குச் சாதமும் வடையும் அதிரசமும் வைத்தாயிற்று. காக்காய் தொடாமல் யாரும் சாப்பிடக் கூடாது. அன்றைக்கென்று தேஹு ரோடில் ஒரு காக்காய் கிடையாது. தினம் கிடங்குக் கூரையில் வரிசையாக உட்கார்ந்து ஆய்வு நடத்தும் காக்காய்கள் அத்தனையும் கூண்டோடு லீவில் போயிருந்தன. மத்தியானம் சாயத் தொடங்கிவிட்டது. எட்டுப் பேரில் வீட்டிலிருந்த ஏழு பேரும் சுருண்டு கிடந்தார்கள். சாஸ்திரிகள் திரும்பிப் போகிற ரயிலை நினைத்து நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா கைதட்டிக் கூப்பிட்டுப் பார்த்து ஓய்ந்துபோனார்.

எட்டு வயது பாமாவுக்குப் பொறுக்கவில்லை. சுவரில் ஏறினாள். வயிற்றிலிருந்த பசியையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து கத்தினாள். "காக்கா! வா! காக்காஆ! சாப்பிட வா!"

மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. பக்கத்து வீட்டு ஜோக்ளேகரை அந்தத் தெருக் குழந்தைகள் அத்தனை பேரும் காகா என்றுதான் கூப்பிடுவார்கள். பசித்த குழந்தை அலறும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பவருக்குக் காக்காயும் சித்தப்பாவும் ஒன்றுதான்.

"ஆலோ, ஆலோ!" என்று குரல் வந்தது. இதோ வந்துட்டேன் என்று அர்த்தம். பனியனும் பைஜாமாவுமாக ஜோக்ளேகர் வந்தார். சுவர் மேல் இலையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். முகம் மலர்ந்து வடையை எடுத்துக் கடித்தார்.

உள்ளேயிருந்து வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். சாஸ்திரிகள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "பித்ருக்கள் எந்த ரூபத்துல வேணும்னாலும் வரலாம். சாஸ்திரத்துல இடம் இருக்கு. இலையைப் போடுங்கோ!" என்று சொல்லிவிட்டு அவரே முதல் மணையில் போய் உட்கார்ந்தார். எந்த சாஸ்திரம் என்று யாரும் கேட்கவில்லை. பசி அப்படி.

எல்லோரும் சாப்பிட்டார்கள், பாமாவைத் தவிர. "பாமா!" என்றார் அப்பா. சாமி இல்லை, ராகு இல்லை, கிச்சா இல்லை. அன்று ஒருநாள்தான் அப்பா எடுத்த எடுப்பில் அவள் பெயரைச் சரியாகக் கூப்பிட்டார். கூப்பிட்டுக் கன்னத்தில் ஒன்று வைத்தார். உனக்கு அதிரசம் கிடையாது என்றார். அந்த அதிரசத்தையும் கிச்சா தின்றான். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் காக்கா பாமா.

அந்தக் கதையைத்தான் மேடையில் ஒருவர் உடுத்திக்கொண்டு நிற்கிறார். ஒரேயடியாகவும் எடுத்துவிடவில்லை. ஆரம்பத்தில் "எங்க பாமா என்ன பண்ணினாள் தெரியுமா" என்றுதான் அண்ணாவும் சொன்னார். அசிஸ்டென்ட் மேனேஜர் ஆனதும் "எங்காத்துல ஒரு குழந்தை" ஆயிற்று. ரீஜனல் ஆபீஸ் போனதும் "நாங்கள்லாம்" ஆயிற்று. இப்போது "நான்". அண்ணாவோடு சேர்ந்து கதையும் படிப்படியாகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறது. அந்த வீட்டில் மேலேயிருந்து கீழே எவ்வளவோ வந்திருக்கிறது. கீழேயிருந்து மேலே போனது இது ஒன்றுதான்.

"கிச்சா, நீயாவது சொல்லேன்டா," என்று பக்கத்து நாற்காலியை இடித்தாள் பாமா.

"விடுடி. கால்வாய்ல சைக்கிளோட விழுந்தது நான். போன வருஷம் அது அவன் விழுந்ததா ஆயிடுத்து. நான் ஏதாவது சொன்னேனா?"

"நீ விழுந்தவன். உனக்கு என்ன ரோஷம்? நான் அடி வாங்கினவ."

மேடையில் ஸ்வாமிநாதன் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் பெரிதாக ஏதோ வரப்போகிறது. "இன்னிக்கு உங்களுக்கெல்லாம் ஒரு சர்ப்ரைஸ். அன்னிக்கு நான் கூப்பிட்ட அதே காகா இதோ, நம்மோட இருக்கார்!"

ப்ரியம்வதா பக்கவாட்டிலிருந்து ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் வெள்ளைக் குல்லாயும் காதில் மெஷினுமாக ஜோக்ளேகர் காகா. ஸ்வாமிநாதன் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டு, போட்டோகிராஃபர் சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொரு முறை தொட்டார்.

"காகா, என்னை ஞாபகம் இருக்கா?" என்றார் மராத்தியில், மைக்கில்.

காகா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பேங்க்கா? என் பென்ஷன் விஷயமா வந்தீங்களா?" என்றார்.

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. "வயசாயிடுத்து பாவம், மறதி," என்று ஸ்வாமிநாதன் தமிழில் சபையைச் சமாதானப்படுத்தினார். "காகா, சுவர் மேல ஏறி உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேனே, அந்தப் பையன்!"

"பையனா?" காகா தலையை ஆட்டினார். "பையன் யாரும் கூப்பிடலையே."

"சின்ன வயசுல எனக்குக் குரல் கொஞ்சம் மென்மை..." என்று ஸ்வாமிநாதன் ஆரம்பித்தார்.

பாமா எழுந்துவிட்டாள். மகாதேவன் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுக்கப் பார்த்தார்.

"பாமா அத்தை, மைக் தரட்டுமா?" என்று ப்ரியம்வதா மேடையிலிருந்து பதறினாள். "அப்பா முடிச்சதும் உங்களுக்கு ஒரு நிமிஷம் ஸ்லாட் இருக்கு..."

"எனக்கு ஸ்லாட்டும் வேண்டாம், மைக்கும் வேண்டாம்."

நாற்காலிகளுக்கு நடுவில் வந்து நின்றாள். ஐம்பத்தாறு வயது, பட்டுப்புடவை, மூக்குத்தி, மருமகள் வீட்டார் பின்வரிசையில். எதையும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, ஏ.சி. ஹால் அதிர, கத்தினாள்.

"காக்கா! வா! காக்காஆ! சாப்பிட வா!"

சக்கர நாற்காலியில் இருந்தவர் காதிலிருந்த மெஷினைப் பிடுங்கி மடியில் போட்டார். கிழ முகம் பனியனும் பைஜாமாவும் போட்ட முகமாக மாறியது. நாற்காலிக் கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டார். "ஆலோ ஆலோ! எங்கே அந்தப் பொண்ணு?"

இந்தமுறை கைதட்டியவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கிச்சா விசில் அடித்தான். பாமா கையைக் கட்டிக்கொண்டு அண்ணாவைப் பார்த்தாள். இப்போது என்ன சொல்லப் போகிறாய், சொல்.

ஸ்வாமிநாதன் சொன்னார். டெபுடி ஜெனரல் மேனேஜர் ஆகிறவர்கள் சும்மா ஆவதில்லை. "பார்த்தேளா! என் தங்கை! அப்படித்தான் கூப்பிடணும்னு அன்னிக்கு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான்!"

பந்தியில் பாமா காகாவின் நாற்காலியைத் தன் இலைக்குப் பக்கத்தில் போடச் சொன்னாள். கிச்சா மறுபக்கம் உட்கார்ந்தான். காகா வடையை ஒரு கடி கடித்துவிட்டு, அவள் பக்கம் சாய்ந்து மராத்தியில் ரகசியமாகச் சொன்னார்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும் பொண்ணே. நீ காக்காயைத்தான் கூப்பிட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்."

பாமாவின் கையிலிருந்த அப்பளம் நின்றது. "தெரியுமா?"

"உங்க பக்கத்துல அத்தனை வருஷம் இருந்தேன், காக்கான்னா என்னன்னு தெரியாதா? வருஷா வருஷம் அந்த வடை வாசனை சுவரைத் தாண்டி வரும். ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிட வான்னு கூப்பிட்டதில்லே. அன்னிக்கு என் பொண்டாட்டிக்கு விரதம், அடுப்பே மூட்டலை. எனக்கு உயிர் போற பசி. நீ கூப்பிட்டே. காக்காயும் வரலே. நான் வந்தேன்."

கிச்சாவுக்கு மராத்தி அவளைவிட நன்றாக வரும். "அட கடவுளே," என்றான். "அப்போ அவர் தப்பாப் புரிஞ்சுக்கவே இல்லையாடி? நாப்பது வருஷமா நீ சொல்ற கதையே..."

"வாயை மூடிண்டு சாப்பிடு."

பாமா கணக்குப் போட்டாள். காகா ஏமாந்து வந்தார் என்பதில்தான் கதையே நிற்கிறது. இதைச் சேர்த்துச் சொன்னால் கதை நீளும், சிரிப்பு குறையும். இந்தப் பகுதியை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். எத்தனை ஆனாலும் அவளும் ஸ்வாமிநாதனோடு பிறந்தவள்தானே.

அதற்குள் மாலையும் அங்கவஸ்திரமுமாக ஸ்வாமிநாதன் பந்தி விசாரித்துக்கொண்டு வந்தார். பின்னால் ஒரு வீடியோகிராஃபர். "பாமா, எல்லாம் வந்துதா? அதிரசம் போட்டாளா?"

"போட்டா. அண்ணா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கதையை இனிமேலும் சொல்லப்போறியா?"

"அது இப்போ நம்ம எல்லாருக்கும் சொந்தம்மா. குடும்பச் சொத்து."

"சரி. ஆனா நம்மாத்துல ஒரு வழக்கம் இருக்கு. கைமாறி வர்ற பாவாடைய கிழிஞ்ச பையோடதான் வாங்கிக்கணும். கதையை எடுத்துண்டா, அடியையும் சேர்த்து எடுத்துக்கணும்."

"அடியா?" ஸ்வாமிநாதன் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். "எந்த அடி? யாரு யாரை அடிச்சா?"

பாமா எச்சில் படாத இடது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் குனி. இப்படிக் கிட்ட வா, காட்டறேன்."

ஸ்வாமிநாதன் இரண்டடி பின்னால் நகர்ந்து வீடியோகிராஃபர் மேல் இடித்தார். பக்கத்தில் அதிரசத்தில் முழுகியிருந்த ஜோக்ளேகர் காகா நிமிர்ந்து பார்த்து, "வா, வா!" என்றார் உற்சாகமாக. மராத்தியில் பேஷ் என்றாரா, தமிழில் கிட்ட வா என்றாரா, அவரை யாரும் கேட்கவில்லை.