பின்னால் வருகிறவன் பேசக்கூடாது

உல்ரிக்குக்குக் காது கூர்மை என்று கரீபியன் கடல் தீவான டொபேகோ முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே உல்ரிக்தான் என்பது வேறு விஷயம். தீவின் நடு மலையில் இருக்கிற காப்புக்காட்டுப் பாதைகளில் இருபது வருஷத்துக்கு மேலாக வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிப்போகிறான். இலை அசைந்தால் எந்தப் பறவை என்று சொல்லிவிடுவான். உதட்டைக் குவித்து விசிலடித்தால் அந்தப் பறவை பதில் சொல்லும். இதையெல்லாம் அவனே நம்மிடம் சொல்லுவான், நாம் கேட்காவிட்டாலும் சொல்லுவான்.

பாதை தொடங்கும் இடத்தில், ரோட்டோரத் தகரக் கொட்டகையில், அவன் பெண்டாட்டி ஜாய்லின் ரப்பர் பூட்ஸ் வாடகைக்கு விடுகிறாள். அந்தச் சேற்றில் சொந்த ஷூவோடு இறங்குகிறவன் ஷூ இல்லாமல்தான் ஏறி வருவான். ஆகையால் வருகிற அத்தனை பேரும் அவளிடம் ஒரு தடவை காலை நீட்டியாக வேண்டும். கூடவே கொக்கோ டீயும் பொரித்த ரொட்டியும் மீனும் விற்பாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த இந்தப் பிழைப்பில்தான் அன்ஸில் வந்து சேர்ந்தான். சார்லட்வில் பக்கத்து ஆள், முப்பது வயது, சிரித்தால் முகம் முழுக்கப் பல். வழிகாட்டி பேட்ஜ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வருகிற கூட்டமெல்லாம் அவனைத்தான் கேட்கிறது. உல்ரிக்கை அவன் அங்கிள் என்று கூப்பிடுவான். மரியாதைக்குத்தான் கூப்பிட்டான். ஆனால் ஐம்பதை இப்போதுதான் தாண்டின மனுஷனுக்கு அது எப்படி இருக்கும்? வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

கூட்டம் போனால் போகட்டும் என்று விட்டிருப்பான். நடை முடிந்ததும் அன்ஸில் நேராகப் போய் உட்காருவது ஜாய்லின் கொட்டகையில். மணிக்கணக்காக என்னதான் பேசுவார்களோ, உல்ரிக் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். ஒரு நாள் வளைவில் வரும்போதே ஜாய்லின் சிரிப்பது கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவன் வீட்டில் கேட்டு வருஷக்கணக்காகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தக் காட்டில் ஒரு குருவி உண்டு. கறுப்பு உடம்பு, சிவப்புத் தொப்பி, முதுகு மட்டும் வானத்து நீலம். ஒரு பெட்டைக்காக இரண்டு ஆண்கள் ஒரே கிளையில் மாறி மாறித் தாவி ஆடும். ஆட்டம் இரண்டு பேருக்கும், பெட்டை ஒருவனுக்குத்தான். "இன்னொருத்தன் சும்மா டான்ஸ் ஆடிட்டு வீட்டுக்குப் போவான்" என்று உல்ரிக் சொல்லும்போது ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போதெல்லாம் அவன் அந்த ஜோக்கைச் சொல்வதில்லை.

ஒரு திங்கட்கிழமை கூட்டம் இல்லை. மாவு வாங்க ராக்ஸ்பரோ போகிறேன் என்று ஜாய்லின் காலையிலேயே கிளம்பினாள். ராத்திரி பெய்த மழையில் மரம் ஏதாவது பாதையில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க உல்ரிக் காட்டுக்குள் இறங்கினான். ஓடைக்குப் பக்கத்தில் அந்த நீலமுதுகுக் குருவியின் கூவல் கேட்டது. கால் நின்றுவிட்டது. அந்த இடத்தில் அந்தக் குருவி ஆடினதே கிடையாது. மறுபடி கேட்டது, மறுபடியும். துளிகூட மாறாமல் அதே அளவு, அதே இழுப்பு. எந்தக் குருவி இப்படி அச்சடித்த மாதிரி கூவும்? போனில் பதிவு செய்ததைப் போடுகிறான் எவனோ என்று அவன் காது சொன்னது. வாயால் விசிலடித்தால் பரவாயில்லை, மெஷின் போட்டால் காப்புக்காட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. பொய்க் கூவலைக் கேட்டுக் கேட்டுக் குருவிகள் சண்டைக்கு வந்து அலைந்து, கூட்டையே விட்டுவிடும். போட்டவனுக்குப் பேட்ஜ் போய்விடும்.

இலையை விலக்கிப் பார்த்தான். விழுந்த மரத்தின் மேல் அன்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே பெரணிச் செடி மறைவில் ஆள் தெரியவில்லை, இரண்டு மஞ்சள் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. கொட்டகையில் மஞ்சள் பூட்ஸ் ஒரே ஒரு ஜோடிதான். அதை ஜாய்லின் யாருக்கும் வாடகைக்குத் தர மாட்டாள், அது அவளுடையது.

போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. பிடித்து, அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பயந்துபோய் வந்த வழியே திரும்பினான். மத்தியானம் ஜாய்லின் வந்து, ராக்ஸ்பரோவில் நல்ல மாவே இல்லை என்றாள். பூட்ஸைக் கழுவி வெயிலில் வைத்தாள். உல்ரிக் அந்த இரண்டு பூட்ஸையும் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

பெண்டாட்டியைக் கேட்கத் தைரியம் இல்லாதவன் வழிகாட்டிகள் சங்கத்துக்குப் போனான். அன்ஸில் காட்டுக்குள் போனில் பறவைச் சத்தம் போட்டான், என் காதால் கேட்டேன் என்று தலைவி எல்மாவிடம் புகார் சொன்னான். மஞ்சள் பூட்ஸைப் பற்றி மூச்சுவிடவில்லை. பேட்ஜ் போனால் ஆள் சார்லட்வில்லுக்கே மீன் பிடிக்கப் போய்விடுவான், பீடை ஒழியும் என்பது கணக்கு. கைகொடுப்பு அன்று எல்லாரையும் வைத்து விசாரிக்கலாம் என்றாள் எல்மா.

கைகொடுப்பு என்றால் அங்கே கூலியில்லாத கூட்டு வேலை. மழைக்காலம் முடிந்ததும் எல்லா வழிகாட்டிகளும் அரிவாளோடு வந்து பாதையைச் சீர்செய்வார்கள், சமையல் மட்டும் ஒருவர் பொறுப்பு. இந்தத் தடவை ஜாய்லின், நண்டும் மாவுருண்டையும். வேலை முடிந்து எல்லாரும் தட்டோடு உட்கார்ந்ததும் எல்மா பேச்சை எடுத்தாள். உல்ரிக் எழுந்து நின்றான். இந்தக் காது இதுவரை பொய் சொன்னதில்லை, அது குருவியும் இல்லை, மனுஷ வாயும் இல்லை, மெஷின்தான் என்று அடித்துச் சொன்னான்.

போனில் நான் எதுவும் போடவில்லை என்று மட்டும் அன்ஸில் சொன்னான். அப்படியானால் அது என்ன சத்தம், கூட யார் இருந்தது என்று எல்மா கேட்டதற்கு, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான். வாக்கு என்றதும் உல்ரிக்குக்குக் காது வழியாகப் புகை வந்தது. எல்மா பெருமூச்சு விட்டு, பேட்ஜைக் கழற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டினாள்.

ஜாய்லின் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். காட்டைப் பார்த்து உதட்டைக் குவித்தாள்.

அதே கூவல். அதே அளவு, அதே இழுப்பு. மூன்றாவது தடவை அவள் கூவினபோது உள்ளேயிருந்து ஒரு குருவி பதில் சொன்னது, அப்புறம் இன்னொன்று. நண்டு ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"இது போன் இல்ல எல்மா, நான்தான்" என்றாள். "வழிகாட்டிப் பரீட்சை எழுதட்டுமான்னு ஒருதரம் இவருகிட்டக் கேட்டேன். சாராயக் கடையில போயி ஜோக்காச் சொல்லிட்டு வந்தாரு. ஊரே ஒரு வாரம் சிரிச்சுது. அதான் பாஸாகிற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்னு இவன்கிட்ட வாக்கு வாங்கினேன்."

"இவனா உனக்குச் சொல்லிக் குடுத்தான்?" என்று கேட்டான் உல்ரிக்.

"இவன் என்னத்தச் சொல்லிக் குடுப்பான்? உக்காந்து கேட்டான், அவ்வளவுதான். கத்துக்கிட்டது உன்கிட்ட. தினம் நீ விசிலடிக்கிறதக் கொட்டகையில இருந்து கேட்டுக் கேட்டு." கரண்டியை மறுபடி எடுத்தாள். "இத்தனை வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன் உல்ரிக். என் மூச்சு உனக்கு மெஷினாட்டம் கேட்டுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

எல்மா கெட்டிக்காரி, விஷயத்தை வேறு பக்கம் திருப்பினாள். கூவல் சரி, ஆனால் பேட்ஜ் வேண்டுமானால் ஒரு கூட்டத்தைத் தனியாக நடத்திக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும், மூத்த வழிகாட்டி ஒருவர் பின்னாலேயே நடக்க வேண்டும் என்றாள். அந்த விதி அங்கே எல்லாருக்கும் தெரியும். பின்னால் வருகிறவன் ஒரு வார்த்தை பேசினாலும் அந்த நடை செல்லாது, அடுத்த வருஷம்தான் மறுபடி. யார் வருவது என்று கேட்டபோது உல்ரிக்கின் கை பாதி தூரம் எழுந்தது.

"இவரு வேணாம். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க இவரால ஆகாது" என்றாள் ஜாய்லின்.

"ஆகும்" என்றான் உல்ரிக்.

அவள் அவனை நெடுநேரம் பார்த்தாள். "சரி, வா" என்றாள்.

அன்ஸிலிடம் மன்னிப்புக் கேட்பதற்குள் உல்ரிக்குக்கு உயிர் போய் வந்தது. பரவாயில்ல அங்கிள் என்றான் அவன், இன்னும் எரிந்தது. அதோடு நிற்காமல், ஜாய்லின் நடை போகிற அன்று கொட்டகையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டான்.

அன்று காலை வந்தது ஆறு பேர். அன்ஸில் அவர்களுக்குப் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தான், ஜாய்லினின் தோள்பை வாரைச் சரிசெய்தான், காதில் ஏதோ சொல்லி அவளைச் சிரிக்கவும் வைத்தான். உல்ரிக் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான்.

அவள் நன்றாகத்தான் நடத்தினாள். இரண்டு இடத்தில் அவன் வேறு மாதிரி சொல்லியிருப்பான், நாக்கைக் கடித்துக்கொண்டான். ஓடையைத் தாண்டி ஏற்றத்தில், அவனுக்கு முன்னால் போன வயசான அம்மா மூச்சு வாங்க நின்று, அவன் பக்கம் திரும்பினாள்.

"கீழ பூட்ஸ் குடுத்தாரே ஒருத்தரு, அவருதான இவங்க வீட்டுக்காரரு? என்ன பொருத்தம்" என்றாள்.

மேலே ஜாய்லினின் பூட்ஸ் நின்றது. அவள் திரும்பினாள். அவன் வாயையே பார்த்தாள்.

இல்லை, நான்தான். இவ்வளவுதான் வார்த்தை. உல்ரிக்குக்கு வாய் திறந்தேவிட்டது. தொண்டை வரை வந்ததை விழுங்கி, உதட்டை இறுக்கி மூடினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த அம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். நல்லா இருக்கட்டும் ரெண்டு பேரும் என்று சொல்லி, தடியை ஊன்றி ஏற ஆரம்பித்தாள். ஜாய்லின் இன்னும் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கூட்டத்தை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு, சரிந்த இடத்தில் அவன் ஏறி வருவதற்குக் கையை நீட்டினாள்.