தொண்ணூற்றெட்டிலிருந்து பதினொன்றுக்கு

காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியை முருகேஸ்வரி இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். வாங்கும்போது வெள்ளையாக இருந்த பெட்டி இப்போது வெற்றிலை போட்ட பல் மாதிரி இருந்தது. ஈரத்துணி ஆகாது என்பதால் காய்ந்த துணியால் துடைத்தாள். இதோடு மூன்று பெட்டிகள். விண்டோஸ் தொண்ணூற்றெட்டு, எக்ஸ்பி, செவன். வயது வரிசைப்படி மேசைமேல் வைத்தாள்.

கட்டிங் மிஷினில் நின்ற சோலைச்சாமி எட்டிப் பார்த்தான்.

"ஏக்கா, பழைய இரும்புக்காரன் தெருவுலதான் போறான். கூப்பிடவா?"

"கூப்பிடு. ஒன்னையும் சேத்து ஏத்தி விடுதேன்."

சிவகாசியில் அந்த அச்சகத்துக்குப் புது மிஷின் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதில் விண்டோஸ் பதினொன்று. அதே நேரத்தில்தான் நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்காரர் ஒரு ஆர்டரோடு வந்தார். அவருடைய அப்பா காலத்து லேபிள்கள் நாற்பத்திரண்டும், கோடு மாறாமல், நிறம் மாறாமல், இந்தத் தீபாவளிக்கு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் மாதிரி காட்டாவிட்டால் வேறு அச்சகம் பார்த்துக்கொள்வார். லேபிள்கள் எல்லாம் தொண்ணூற்றெட்டுப் பெட்டிக்குள் இருந்தன.

விருதுநகரிலிருந்து புது மிஷினை மாட்ட வந்த ஸ்ரீராம்குமார் அதைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டான். "எடுத்தாலும் பதினொண்ணுல தெறக்காது சார். இது என்ன பைலுன்னே அதுக்குத் தெரியாது. புதுசா வரைஞ்சிருங்க."

நாற்பத்திரண்டை நான்கு நாளில் யார் வரைவது? முதலாளி மணிகண்டராஜ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் முருகேஸ்வரி, "நான் பாக்கட்டுமா மொதலாளி?" என்று கேட்டாள்.

"கொண்டாந்துட்டீகன்னா புது மிஷின்ல நீங்கதான்க்கா. ஆபரேட்டர்னு பதிவேட்டுல எழுதிருதேன்."

முப்பது வருடமாகப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'துப்புரவு' என்றுதான் இருந்தது.

அவள் ஆமத்தூரிலிருந்து கூட்டிப் பெருக்க வந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் கறுப்புத் திரை. படம் கிடையாது, அம்புக்குறி கிடையாது. கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும். ஒரு எழுத்து பிசகினால் அது அசையாது. அவளுக்கு அப்போது கையெழுத்தும் போடத் தெரியாது. தமிழ் எழுத்தை அறிவொளி வகுப்பில் படித்தாள். இங்கிலீஷ் எழுத்தை, கீபோர்டைத் துடைக்கும்போது கட்டை கட்டையாகப் படித்தாள். பஸ் போர்டைத் தானாக வாசிப்பதற்கு முன்பே டி, ஐ, ஆர் என்று தட்டி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மிஷினைக் கேட்கத் தெரிந்துகொண்டாள்.

பிறகு தொண்ணூற்றைந்து வந்தது. கட்டளைகளை மனப்பாடம் செய்திருந்த ஆபரேட்டர்கள் அம்புக்குறியை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். அவளுக்கு மறப்பதற்கு ஒன்றுமில்லை, சுலபமாகப் பிடித்துக்கொண்டாள். எக்ஸ்பி வந்த அன்று திரையில் தெரிந்த பச்சை மேட்டைப் பார்க்க அச்சகமே கூடிவிட்டது. "மல்லாங்கிணறு பக்கம் இம்புட்டுப் பச்சை இருந்தா நான் ஏன் இங்கன பேப்பர் வெட்டுதேன்?" என்றான் சோலைச்சாமி. விஸ்டா மூன்று மாதம் படுத்துக்கொண்டே இருந்துவிட்டுப் போனது. செவன் நல்ல பிள்ளை. பத்து கேட்காமலே தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபரேட்டர் வந்தான், பழகினான், சென்னைக்குப் போனான். சீசனில் ஆள் வராத நாளெல்லாம் அந்த நாற்காலியில் அவள்தான். ஆள் வந்ததும் எழுந்து விளக்குமாற்றை எடுப்பாள்.

ஒன்றை மட்டும் அவள் வியந்து வியந்து பார்த்திருக்கிறாள். எத்தனை நிறம் மாறினாலும் உள்ளே போய்த் தேடினால் அந்தக் கறுப்புத் திரை இருந்தது. புது மிஷினிலும் முதல் நாளே தேடிப் பிடித்து, டி, ஐ, ஆர் தட்டினாள். பழைய மரியாதையோடு பதில் சொன்னது. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிறது என்று அவளுக்குப் பட்டது. அப்படியானால் லேபிளையும் ஒவ்வொரு தோளாக ஏற்றலாம். லேபிள் வரைகிற கோரல் புரோகிராம், ஒவ்வொரு பெட்டியிலும் அந்தந்தக் காலத்துக் கோரலாக இருந்தது. பதினொன்றுக்குத் தொண்ணூற்றெட்டைத் தெரியாது. ஆனால் எக்ஸ்பிக்குத் தெரியும். எக்ஸ்பியைச் செவனுக்குத் தெரியும்.

முதல் படியிலேயே தடுக்கியது. தொண்ணூற்றெட்டில் பென் டிரைவ் ஏறாது. பிளாப்பி போடுகிற இடமோ செத்துப் பல வருடம். செத்தது மணிகண்டராஜின் அப்பா சங்கரலிங்கத்தின் பக்தியால். ஓர் ஆயுத பூஜையில், வேலை செய்கிற மிஷினுக்கும் வாய் இருக்கிறதே என்று, பொரியும் சர்க்கரையும் ஒரு கை அள்ளி அந்தத் துவாரத்துக்குள் ஊட்டிவிட்டார். எறும்பு தின்றதுபோக மிச்சம் உள்ளேயே இறுகிக் கிடந்தது.

முருகேஸ்வரி திருகாணிகளைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். தட்டையான சாம்பல் நிற வயரைப் பிடுங்கி, உள்ளேயிருந்த டிஸ்கைத் தனியே எடுத்தாள். அதன் பின்பக்கம் கடுகளவு மூடி ஒன்று உண்டு. அதை இடம் மாற்றினால்தான் இன்னொரு பெட்டிக்குள் இரண்டாம் ஆளாக அது உட்காரும். ரிப்பேருக்கு வந்தவர்கள் செய்ததை நின்று பார்த்திருக்கிறாள். கொண்டை ஊசியால் மூடியை நெம்பி மாற்றி, எக்ஸ்பிக்குள் மாட்டி, சுவிட்சைப் போட்டாள். பச்சை மேடு வந்தது. உள்ளே இன்னொரு டிஸ்க் தெரிந்தது.

"ஏலே சோலை, வந்துட்டுலே!"

நாற்பத்திரண்டும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, எக்ஸ்பியில் சேமித்து, செவனுக்குக் கொண்டுபோய், அங்கே திறந்து, மறுபடி சேமித்து, பதினொன்றுக்கு ஏற்றினாள். படியேறும்போது சிலதில் நிறம் நழுவியது, சிலதில் கோடு விலகியது. பழைய அச்சுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்தாள். மூன்று நாள் கழுத்து திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை நாரணாபுரத்துக்காரர் திரையைப் பார்த்தார். கம்பி மத்தாப்புப் பிடித்த சிவப்புப் பாவாடைக்காரி, அப்படியே. "எங்கப்பா இருந்தா அழுதிருப்பாருய்யா" என்று ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுபடி வந்திருந்த ஸ்ரீராம்குமார், டிஸ்கின் பின்னாலிருந்த அந்தக் குட்டி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க படிச்சீகக்கா இதெல்லாம்?"

"எங்க படிச்சேன். தொடைக்கையில பாத்தது."

திங்கட்கிழமை அவள் சலவைச் சேலை கட்டி வந்தாள். புது மிஷின் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது.

"இது அனுப்பிரியாக்கா. கம்ப்யூட்டர்ல டிகிரி" என்றார் மணிகண்டராஜ். "பார்ட்டி வந்து பாக்கையில படிச்ச புள்ள ஒக்காந்திருந்தாத்தான நம்ம கம்பெனிக்கு ஒரு இது. நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக் குடுங்க. எல்லாம் நீங்கதான இங்கன."

அவர் பார்த்தது தன் செல்போனை.

"அந்த பதிவேடு, மொதலாளி..."

"அடுத்த சீசன் பாப்பம்க்கா."

அனுப்பிரியா நல்ல பிள்ளை. "நீங்க ஒக்காருங்கக்கா, காட்டுங்க" என்று எழுந்துகொண்டது. பிறகு டிபன் டப்பா கழுவப் போனது. அதற்குள் திரை அணைந்துவிட்டது.

முருகேஸ்வரி நாற்காலியில் அமர்ந்து ஒரு கட்டையைத் தட்டினாள். திரைக்கு மேலே குட்டியாக ஒரு விளக்கு எரிந்தது. மிஷின் அவள் முகத்தைப் பார்த்தது. ஆளைத் தெரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். மறுபடி விளக்கு எரிந்தது. மறுபடி தெரியவில்லை.

"அது என் மொகத்துக்குத்தான்க்கா தெறக்கும். மொதலாளி அப்படி வச்சிருக்காரு."

அனுப்பிரியா ஈரக்கையோடு ஓடி வந்து, அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் சொல்லி வணக்கம் வைத்தது திரை. அதை முருகேஸ்வரி எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் எழுத்துகள் மறைந்து, நாற்பத்திரண்டு லேபிள்களும் வரிசையாக வந்து நின்றன.