கொள்முதல் நிலையத்தில் மூச்சுப் பயிற்சி

நெல் கொள்முதல் நிலைய வாசலில் குறுவை நெல்லைக் கொட்டிவிட்டு எட்டு நாளாக விவசாயிகள் காவல் கிடந்தார்கள். எடைபோட ஆள் வரவில்லை. அவர்களுடைய மன உளைச்சலைப் போக்கத் தஞ்சாவூரிலிருந்து மனநல ஆலோசகர் ஸ்ரீரஞ்சனிதான் வந்தாள்.

உடம்பையும் மனசையும் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சையில் அவளுக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது. எல்லோரையும் சாக்கில் உட்காரவைத்து, "கண்ண மூடிக்குங்க. பாரம் உடம்புல எங்க இருக்குன்னு கவனிங்க" என்றாள்.

"கண்ண மூடிட்டா மேகத்த யாரும்மா பாக்குறது?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

"நான் பாத்துக்கறேங்க."

அது போதுமாக இருந்தது. பத்தாவது மூச்சுக்குள் கலியமூர்த்தி குறட்டை விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் வானம் கறுக்கும்வரை ஸ்ரீரஞ்சனிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு நெஞ்சு படபடக்கத் தொடங்கியது. முதல் தூறல் விழுந்ததும், "ஐயா, எந்திரிங்க! மழை!" என்று கத்திக்கொண்டே தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் எழுந்து ஓடிவந்தார்கள். முக்கால்வாசி நெல் தப்பியது. அவள் தொப்பலாக நனைந்தாள்.

சாயங்காலம் அறிக்கையில் 'பதற்றம் குறைந்ததா?' என்ற கேள்விக்கு இரண்டு வரி எழுதினாள்: "குறைந்தது. நெல்லை எடைபோட்டால் முழுதும் குணமாகும்."

மறுநாள் மேலதிகாரி போனில் பாராட்டினார். "முகாம் பிரமாதம்மா. இன்னும் நாலு ஊருக்குப் போயிட்டு வந்துருங்க. அறிக்கையில ஒரு வரிய மட்டும் அடிச்சுட்டு அனுப்புங்க."

ஸ்ரீரஞ்சனி முதல் வரியை அடித்துவிட்டு அனுப்பினாள்.