காலிக் குமிழிகள்

செத்துப்போனது ஒரு புரதம்தான். ஆனால் ஆய்வகத்தில் எல்லோரும் அதை ஆராய்ந்துகொண்டிருந்தவளிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க," என்றார் பேராசிரியர். "அப்பவும் அசையலேன்னா இந்த வேலையை மூடிடலாம். உங்க மேசை எதிர்ப்பக்கத்துக்குப் போயிடும். நீங்க வேற ஆய்வகம் பாத்துக்கணும்."

எதிர்ப்பக்க ஆராய்ச்சியாளனுக்கு அளவுகோல் என்று பட்டப்பெயர். தன் புதுக் கருவி அவள் மேசையில் உட்காருமா என்று அவன் ஏற்கெனவே அளந்து பார்த்துவிட்டான். அளந்த கையோடு, "ரொம்ப வருத்தமா இருக்குங்க," என்றும் சொன்னான்.

அந்தப் புரதத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வில் தாராளமான துளைகள் உண்டு. சின்ன மூலக்கூறுகள் கேட்பாரில்லாமல் வந்து போகும். உள்சவ்வு அப்படியல்ல, மகா கறார். சிட்ரேட் என்ற அமில மூலக்கூறு உருவாவதோ அந்த உள்சவ்வுக்கு உள்ளே. செல் கொழுப்பு தயாரிப்பதற்கு அது தேவைப்படுவதோ வெளியே. தானாகச் சவ்வைத் தாண்ட அதற்கு வழியில்லை. அதைக் கடத்திவிட உள்சவ்வில் ஒரு புரதம் நிற்கிறது. அதுவும் சும்மா விடாது. ஒரு சிட்ரேட் வெளியேற வேண்டுமானால், பதிலுக்கு மாலேட் போல அதன் உறவுக்கார அமிலம் ஒன்று உள்ளே வந்தாக வேண்டும்.

இதைப் படமாக வரைந்து மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். எதிரெதிராக இரண்டு அம்புக்குறிகள். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி அழகாக விளக்குவாள்.

சோதனை எளிமையானது. புரதத்தைப் பிரித்தெடுத்து, கொழுப்பால் ஆன நுண்குமிழிகளின் சுவரில் பதிப்பாள். கதிரியக்கக் குறியிட்ட சிட்ரேட்டை வெளியே சேர்த்து, எவ்வளவு உள்ளே போனது என்று கருவியில் பார்ப்பாள். எந்தத் திசை என்பதில் இந்தப் புரதத்துக்குப் பிடிவாதம் கிடையாது. மாற்று கிடைத்தால் சரி.

ஆனால் சிட்ரேட் போகவேயில்லை. புரதத்தைச் சந்தேகப்பட்டாள், கருவியைச் சந்தேகப்பட்டாள், வடித்த தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். அளவுகோல் பக்கத்தில் நின்று தும்மியதைக்கூடச் சந்தேகப்பட்டாள். தோற்ற குழாய் ஒவ்வொன்றின் மேலும் 'செத்தது' என்று எழுதி, உறைபெட்டியில் தன் தட்டில் வரிசையாக அடுக்கினாள். சாட்சியமாக இருக்கட்டுமாம்.

எதையும் ஒழுங்காக வைத்திருப்பவள் அவள். வீட்டில் துணி அலமாரிக்கும் சட்டம் போட்டிருந்தாள்: ஒன்று உள்ளே வரவேண்டுமானால் பழையது ஒன்று வெளியே போகவேண்டும். வியாழக்கிழமை, ஆய்வகத்தில் சோதனை ஓடாத கோபத்தை வீட்டில் தீர்த்துக்கொண்டாள். கணவனின் துணி மொத்தத்தையும் துவைக்கப் போட்டாள். அவனோ சாயங்காலம் ஒரு புதுச் சட்டையோடு வந்தான்.

"பழசு ஒண்ணை எடுத்துட்டு இதை வைங்க," என்றாள்.

"எதை எடுக்கறது? எல்லாத்தையும் ஊற வெச்சுட்டியே. அலமாரி காலி."

"அப்ப இதை வைக்க முடியாது."

"ஏம்மா, காலி அலமாரியில சட்டை வைக்க இடமில்லையா? உன் புரதமாவது இரக்கப்பட்டு உள்ள விடும்."

"அதுவும் விடாதுங்க. வெளிய அனுப்ப உள்ள ஒண்ணுமே இல்லேன்னா அது எப்படி..."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னாச்சு?"

"பூஞ்சைங்க!" என்றாள்.

அவன் புதுச் சட்டையைக் கவலையோடு திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நடந்தது இதுதான். அவளிடம் இரண்டு திரவங்கள் இருந்தன. குமிழிகளை நிரப்புவது மாலேட் கலந்தது. கழுவுவது மாலேட் இல்லாதது. முதல் பாட்டிலில் ஒருநாள் பூஞ்சை பிடித்தது. அவளால் அதைச் சகிக்க முடியவில்லை. கொட்டித் தேய்த்துக் கழுவி, கண்ணாடிபோலத் தெளிவாக இருந்த கழுவும் திரவத்தையே அதிலும் ஊற்றிவைத்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே! அது ஏன் எப்போதும் தெளிவாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை. மாலேட் பூஞ்சைக்கும் சாப்பாடு. தின்ன ஒன்றுமில்லாத இடத்தில் பூஞ்சை எதற்கு வரப்போகிறது? அன்றிலிருந்து அவள் குமிழிகள் சுத்தமான காலி. கொடுக்க எதுவும் இல்லாததால் புரதம் எதையும் வாங்கவில்லை. இரண்டு அம்புப் படம் தலைக்கு மேலேயே தொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மாலேட் நிரப்பிய குமிழிகள் செய்தாள். வெளியே ஒட்டியிருந்த மாலேட்டை நீக்கி, சிட்ரேட்டைச் சேர்த்தாள். கருவியில் எண்கள் ஏறின. இந்தப் புரதத்தை மட்டும் அடைக்கும் தடைப்பொருளைச் சேர்த்துப் பார்த்தாள். ஏறுவது நின்றது. சந்தேகமே இல்லை.

"நான்தான் அப்பவே சொன்னேனே, புரதம் நல்லாத்தான் இருக்கும்னு," என்றார் பேராசிரியர்.

"சார், அப்ப என் கருவி?" என்றான் அளவுகோல்.

"மேசை அவங்களுக்குத்தான். பதிலுக்கு, உறைபெட்டியில அவங்க தட்டை நீ எடுத்துக்கோ."

"சார், அது எப்படி..." என்று ஆரம்பித்தவள், சுவரில் இருந்த இரண்டு அம்புகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

தட்டைக் காலி செய்யப் போனாள். உறைபனி மூடிய குழாய்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் மேலும் அவள் கையெழுத்தில் 'செத்தது'. எல்லாமே உயிரோடு இருந்தவை.

"சீக்கிரம் தூக்கிப் போடுங்க," என்றான் பின்னால் நின்ற அளவுகோல். "செத்ததுதானே?"