சீர்த்தட்டில் ஒரு காசு ஆல்பம்

கிருபாசங்கருக்குப் பொருள் பார்த்து வாங்கிக் கொடுக்கத் தெரியாது. இதில் அவர் குடும்பத்தில் இரண்டு கருத்து இல்லை. கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்பு ஷாஃப்டைக் கடைந்தால் மயிரிழை பிசகாது. தங்கைக்கு ஏதாவது வாங்கப் போனால் மட்டும் அந்தக் கண்ணுக்கு என்ன கேடு வருமோ தெரியாது. தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மோகனப்பிரியாவுக்கு ஒரு தீபாவளிக்கு மிக்ஸி வாங்கினார். அவளிடம் ஏற்கெனவே மிக்ஸி இருந்தது. அடுத்த தீபாவளிக்கும் மிக்ஸியே வாங்கினார். பிறகு வீட்டுக்குள்ளேயே நடைப்பயிற்சி செய்கிற மெஷின் ஒன்றை அனுப்பினார். அதில் இன்றைக்கும் துண்டு காய்கிறது.

ஒவ்வொரு முறையும் அவள் சொல்வது ஒன்றுதான். "ரொம்ப நல்லாருக்குதுங்கண்ணா." சொன்ன கையோடு பொருள் பரணுக்குப் போய்விடும்; பரணில் ஏறாதது மூலைக்குப் போகும். அந்த "நல்லாருக்குது" காதில் விழுந்தாலே பொருள் எங்கே போகும் என்று கிருபாசங்கருக்குத் தெரிந்துவிடும். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

இப்போது மோகனப்பிரியா தாராபுரத்தில் புது வீடு கட்டிவிட்டாள். புதுமனை புகுவிழாவுக்குப் பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும். பட்டு, பாத்திரம், பழத்தட்டு எல்லாம் மனைவி நந்திதா பார்த்துக்கொண்டாள். ஒரே ஒரு தட்டை மட்டும் அவர் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டார். இந்த ஒரு தடவையாவது தங்கை பரணில் ஏற்றாத பொருளாக அது இருக்க வேண்டும். மனிதருக்கு ஒரு வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

"ஏனுங்க, அவ அமெரிக்கக் காசு சேர்க்கறாளே, அதைப் போட்டு வெக்க ஒரு ஆல்பம் வாங்குங்க" என்றாள் நந்திதா.

கல்யாணத்துக்கு முன்னால் மோகனப்பிரியா திருப்பூரில் பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தாள். அங்கே வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கொடுத்த சில்லறையில் காட்டெருமை போட்ட காசு ஒன்று இருந்தது. அதில் பிடித்த பித்து. அமெரிக்காவில் இதுவரை அடித்த காசுகளில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒன்று வேண்டும் என்று அன்றிலிருந்து தேடித் தேடி வாங்குகிறாள். எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கவரில் போட்டு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். மாமியார் பழனியாத்தாள் அதற்கு வைத்த பெயர் செல்லாக்காசு டப்பா. குடும்பத்தில் யாரும் அந்த டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததில்லை. அண்ணனும் பார்த்ததில்லை.

ஆர்.எஸ்.புரத்தில் பழைய காசும் தபால்தலையும் விற்கும் கடை ஒன்று மாடியில் இருந்தது. கடைக்காரர் அஃபான் கிருபாசங்கரை உட்கார வைத்து மூன்று ஆல்பங்களை மேசைமேல் பரப்பினார். முதலாவதில் பிளாஸ்டிக் உறைத் தாள்கள். அதில் காசை ஆட்டிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடியது. பட்டறைக்காரருக்கு ஆடுகிற சாமானைக் கண்டாலே ஆகாது, தள்ளி வைத்துவிட்டார். இரண்டாவது சின்னது. போன நூற்றாண்டின் காசுகளுக்கு மட்டும் குழி வெட்டியிருந்தது. மூன்றாவது தடிமனாக, கருநீல அட்டையோடு, முதல் காசிலிருந்து எல்லா மாதிரிக்கும் குழியும் குழிக்குக் கீழே பெயருமாக இருந்தது. காசு விழாமல் இருக்க முன்னும் பின்னும் கண்ணாடிபோல ஒரு தகடு உருவிப் போடும்படி இருந்தது.

"அவங்ககிட்ட என்னென்ன காசு இருக்குதுங்க?" என்று கேட்டார் அஃபான்.

கிருபாசங்கருக்குத் தெரியவில்லை. சொந்தத் தங்கை இத்தனை வருஷமாக ஆசை ஆசையாகச் சேர்ப்பது என்ன என்று கடைக்காரர் கேட்டால் சொல்லத் தெரியாத அண்ணன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அப்ப சின்னதே எடுத்துக்கோங்க. சீக்கிரம் நிறைஞ்சிரும். பெருசுல சில குழி ஆயுசுக்கும் காலியாத்தான் கெடக்குமுங்க" என்ற அஃபான், பெரிய ஆல்பத்தில் முதல் குழியைக் காட்டினார். "இது ஆயிரத்து எழுநூத்தித் தொண்ணூத்தி மூணுல அடிச்ச செப்புக் காசு. தலைவிரிச்ச பொண்ணு ஒருபக்கம், சங்கிலி ஒருபக்கம். நல்லதா ஒண்ணு வாங்கற காசுக்கு நீங்க தாராபுரத்துல தோட்டமே வாங்கிப்போடலாம்."

கிருபாசங்கர் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் தூக்கிப் பார்த்தார். தங்கையின் புது வீடு நினைவுக்கு வந்தது. சமையலறையில் சுவர் முழுக்க அலமாரி அடித்திருந்தாள், பாதிக்கு மேல் காலி.

"ஊடு கட்டறவங்க இன்னைக்கு இருக்கற சாமானுக்கு மட்டுமா அலமாரி அடிக்கறாங்க? பெருசையே குடுங்க" என்றார்.

பெருமையாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். நந்திதா திறந்து பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் வெறும் ஓட்டை.

"என்னங்க இது, சீர்த்தட்டுல இப்படிக் காலியாவா வெப்பாங்க? குடம் வெச்சாக்கூட உள்ள ரண்டு கை அரிசி போட்டுத்தானே வெக்கறோம்."

சரிதான். சீர்வரிசையில் வெறும் பாத்திரம் போகக்கூடாது. ஒரு ரூபாயைக் குழியில் வைத்துப் பார்த்தார். ஒரு குழிக்குப் பெரிதாக இருந்தது, இன்னொன்றில் தொளதொளவென்று விழுந்தது. அமெரிக்காக்காரனுக்குத் தெரியுமா நம் ஊர் ரூபாயின் அளவு? அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஆல்பத்தைப் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போனார். வெர்னியர் அளவுகோலை வைத்துக் குழி குழியாக அளந்தார். பித்தளைக் கம்பியை லேத்தில் மாட்டி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு பில்லை கடைந்தார், ஓரம் உரசாமல் வழித்தார், புளி போட்டுத் தேய்த்தார். தலைக்கு மேல் ஆர்டர் கிடக்கும்போது முதலாளி பொட்டுப் பொட்டாக என்ன கடைகிறார் என்று பட்டறையே சிரித்தது. கடைசிப் பில்லையும் குழியில் போய் உட்கார்ந்தபோது ஆல்பம் தங்கமாக மின்னியது. தன் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் கடைந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

விழா அன்று சீர்த்தட்டுகள் வரிசையாகக் கூடத்தில் இறங்கின. மோகனப்பிரியா கருநீல ஆல்பத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். திறந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "நல்லாருக்குது" வந்துவிடுமோ என்று கிருபாசங்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் விறுவிறுவென்று உள்ளே போய் எவர்சில்வர் டப்பாவோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். காட்டெருமைக் காசைக் கவரிலிருந்து எடுத்துவைத்தாள். முன்பக்கத் தகட்டை உருவி, அதற்கான குழியில் இருந்த பில்லையை நகத்தால் நெம்பினாள்.

வரவில்லை. பின்பக்கத் தகட்டை உருவிவிட்டுக் கட்டை விரலால் அழுத்தினாள். அசையவில்லை. அடுத்ததும் அப்படியே.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை சறுக்கியது சொந்தத் தொழிலில். ஆடாமல் இருக்க வேண்டும் என்று கச்சிதமாகக் கடைந்தவர், ஒருநாள் இதை எடுக்கவும் வேண்டும் என்பதை மறந்தே போனார்.

"ஏனுங்கண்ணா, ஆல்பம் வாங்கிக் குடுத்தீங்களா, பம்புக்கு மூடி போட்டுக் குடுத்தீங்களா? என்ற நகமே போச்சு" என்றாள் மோகனப்பிரியா. கூடமே சிரித்தது. கிருபாசங்கருக்கு வேர்த்துக் கொட்டியது.

பழனியாத்தாள் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பருப்பு மத்தோடு வந்தார். "தள்ளு கண்ணு" என்று ஆல்பத்தைக் குப்புறத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, மத்தின் காம்பை ஒரு பில்லைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். டொக். பில்லை தெறித்துக் கூடம் முழுக்க உருண்டு ஓடியது. குழந்தைகள் அதைத் துரத்தினார்கள். அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அடுத்தது எது?" என்றார் பழனியாத்தாள். அவருக்குக் கை ருசி கண்டுவிட்டது.

அதற்கப்புறம் பந்தி முடிந்த ஒருவரும் ஊருக்குக் கிளம்பவில்லை. மாமியார் தட்ட, அந்தக் குழிக்கான காசை மருமகள் டப்பாவிலிருந்து எடுக்க, வைக்கும் உரிமைக்கு உறவுக்காரர்கள் போட்டி போட்டார்கள். "கையக் கழுவித் தொடச்சுட்டு வாங்க. ஓரத்தப் புடிங்க, முகத்துல கை படக்கூடாது" என்று மோகனப்பிரியா எல்லாரையும் அதட்டினாள். தலையில் இறக்கை வைத்த பெண் யார், இன்னொரு காசில் இருப்பவள் எங்கே நடந்து போகிறாள், கோதுமைக் கதிர் எதற்கு என்று ஆளுக்கொரு கேள்வி. அவளும் சளைக்காமல் சொன்னாள். இத்தனை வருஷமாக யாரும் கேட்காததெல்லாம் அன்றைக்கு வெளியே வந்தது. எல்லாருக்கும் பின்னால் நின்று கிருபாசங்கரும் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அஃபான் கேட்டால் அவர் பாதியாவது சொல்லிவிடுவார்.

டப்பா காலியானபோது ஆல்பத்தில் சில பித்தளைப் பில்லைகள் மிச்சம் இருந்தன. பழனியாத்தாள் மத்தை விடுவதாக இல்லை. முதல் பக்கத்தில், முதல் குழியில் கொண்டுபோய் வைத்தார்.

"அதை விடுங்கத்தே" என்று மோகனப்பிரியா கையால் மறைத்தாள்.

தலைவிரிச்ச பெண்ணின் குழி. கிருபாசங்கருக்குப் பார்த்ததும் தெரிந்தது.

"அது கெடைக்காதுன்னாங்க அம்மணி. எப்பவாவது கெடச்சா, பட்டறைக்குக் கொண்டா. நானே பதமா எடுத்துத் தாரேன்."

"கெடச்சா அது டப்பாவுல கெடக்கட்டும்" என்றாள் அவள். "இந்த எடத்துக்கு ஆளு வந்தாச்சுங்கண்ணா."

நல்லாருக்குது என்று அவள் சொல்லவே இல்லை. ஆல்பத்தைப் பரணுக்கும் கொடுக்கவில்லை. வாசலில் விருந்தாளி வந்தாலும் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டேதான் "வாங்க வாங்க" என்று போனாள்.