படுத்துக் குளிக்கிற தொட்டி

அருமைநாயகம் தென்காசி மின்சார வாரியத்தில் லைன்மேன். கொத்து வேலைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அப்படிப்பட்டவர் எண்பத்திரண்டாம் வருஷம் சாரல் தொடங்கிய கையோடு, வீட்டுக் குளியலறையை இடித்து, படுத்துக் குளிக்கிற தொட்டியும் மேலே ஷவரும் வைத்து, சுற்றிலும் வெள்ளை டைல்ஸ் ஒட்டுவதென்று முடிவு செய்தார். அதுவும் தன் கையாலேயே. குற்றாலத்து பங்களா ஒன்றில் ஒயரிங் பார்க்கப் போனபோது அப்படியொரு தொட்டியைப் பார்த்துவிட்டதால் வந்த வினை.

கொத்தனாரைக் கூப்பிட்டால், "என்ன அண்ணாச்சி, இவ்வளவு அவசரம்?" என்பான். அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்தார். பாளையங்கோட்டை டாக்டர் அவரை மட்டும் தனியே கூப்பிட்டு, மனைவி ரெபேக்காளின் வயிற்றில் இருப்பது கட்டி, அறுத்தும் பிரயோஜனமில்லை, வீட்டில் வைத்துச் சந்தோஷமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அவளிடம் இவர் சொன்னது வெறும் வாயுக்கோளாறு என்று.

ரெபேக்காளுக்குச் சந்தோஷம் என்றால் ஐந்தருவிதான். சாரல் விழுந்தால் அவளை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. இந்த வருஷமோ வாசல்வரை போகவே சுவரைப் பிடிக்கிறாள். அவள் போக முடியாத அருவியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டியதுதான். இந்த மனுஷருக்கு வேறு எப்படி யோசிக்கத் தெரியும்? சாய்வு எந்தப் பக்கம், வடிகுழாய் எங்கே, வழுக்காமலிருக்க அடியில் சொரசொரப்பான டைல்ஸ் போடலாமா என்று சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அளவெடுக்கப் போன இடத்தில்தான் புத்தி கெட்டுப்போனது. மத்தியானம் அவள் கண்ணயர்ந்திருக்கையில், ஒரு கயிற்றைத் தலையிலிருந்து குதிகால்வரை பிடித்தார். தோள் அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டார். நிமிர்ந்தால், ரெபேக்காள் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் சபையில் படுத்திருக்கிறவரைக் கயிறு பிடித்து அளப்பவர் ஒருவர்தான். சவப்பெட்டி செய்கிற ஆசாரி.

"இப்பமே பெட்டிக்கு அளவெடுக்கியளா?" என்றாள்.

"ஐயோ ஏட்டி! குளிக்கதுக்குத் தொட்டி கட்டப் போறேன். ஷவரைத் திறந்தா அருவி கணக்கா தண்ணி கொட்டும். டைல்ஸ்கூட பாத்து வச்சிட்டேன்." குளறிக் குளறி எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

அவள் முழுக்கக் கேட்டாள். "கல்யாணமான நாள்லேருந்து அடுப்படிக்கு ஒரு பலகை அடிச்சுத் தாங்கன்னு கேக்கேன். தரல. இப்பம் வாயுக்கோளாறுக்குத் தொட்டி கட்டுதியளாக்கும்?"

அவர் அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. அவர் தலையில் கையை வைத்தாள்.

"காலை நீட்டிக்கிடுத மாதிரி கட்டுங்க. சாரல் முடியதுக்குள்ள முடிச்சிருவியளா?"

"முடிச்சிருவேன்" என்றார். டைல்ஸ் ஒட்டிய பிறகு சிமெண்ட் காய்வதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று அவர் இன்னும் யாரிடமும் விசாரித்திருக்கவில்லை.